வாசகர் கேள்வி – பதில்: சபைப் பணிக்கும் ஜெபத்திற்கும் எவற்றை வாசிக்கலாம்?

கேள்வி (கடலூர் முதுநகர் வாசகர்): ஐயா, இறையியல் கல்லூரியில் படிக்காத என்னை ஒரு கிராமச் சபைக்கு உபதேசியாராக நியமித்திருக்கிறார்கள். பகலில் வேறு வேலை. ஆங்கிலம் ஓரளவு வாசிப்பேன். சபையாரைப் பராமரிப்பது பற்றியும் ஆராதனை பற்றியும் முதலில் எந்த நூல்களை வாசிக்க வேண்டும்?

பதில்: சபையைப் பெருக்கும் வழிகளைச் சொல்லும் நூல்கள் கடைகளில் நிறைய உண்டு. அவற்றை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். மந்தையைப் பற்றிப் பேசுமுன் மேய்ப்பனின் மனத்தைச் சோதிக்கிற நூல்களே உங்களுக்கு வேண்டியவை. அவ்வகையில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தையே முதலில் வைப்பேன். கண்காணியின் (சபையை மேற்பார்ப்பவரின்) தகுதிகள் தீமோத்தேயுவுக்கும் தீத்துவுக்கும் எழுதப்பட்ட நிருபங்களில் ஒழுங்காகச் சொல்லப்பட்டிருக்கின்றன என்பது உண்மையே. ஆனால் தாம் உருவாக்கிய சபையே தம்மைச் சந்தேகிக்கும்போது ஓர் ஊழியர் எங்கே கண்டிக்கிறார், எங்கே கலங்குகிறார், எங்கே விட்டுக்கொடுக்க மறுக்கிறார் என்பதை இந்த நிருபத்தில்தான் கூர்ந்து காண முடியும்.

அடுத்து ரிச்சர்ட் பாக்ஸ்டர். இங்கிலாந்தில் கிடர்மின்ஸ்டர் என்ற நெசவாளர் ஊரில் பணியாற்றிய இவர், 1655 டிசம்பரில் வூஸ்டரில் கூடிய போதகர்களிடம் பேச வேண்டியிருந்தும், நோயினால் போக இயலாமல், பேச எண்ணியதை விரித்து எழுதி 1656இல் The Reformed Pastor என்ற நூலாக வெளியிட்டார். அப்போஸ்தலர் நடபடிகள் 20:28 அதன் ஆதார வசனம். முதலில் உங்களைக் குறித்தும் பிறகு மந்தையைக் குறித்தும் எச்சரிக்கையாயிருங்கள் என்ற அந்த வரிசையை அவர் கடைசிவரை விடவில்லை. பிரசங்கத்தை மட்டும் நம்பியிருக்கவும் அவர் உடன்படவில்லை. சுமார் 800 குடும்பங்கள் கொண்ட அந்த ஊரில், வாரத்தில் திங்களும் செவ்வாயும் அவரும் உதவியாளரும் குடும்பம் குடும்பமாகச் சந்தித்து, ஞானோபதேசத்தை அவர்கள் எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று கேட்டறிந்தார்கள். கடலுக்குப் போகிறவர்களும் சிப்காட் ஆலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர்களும் உள்ள சபையில் அப்படி நாள் குறிப்பது நடவாது. அவர்கள் வீட்டில் இருக்கும் நேரத்திற்கேற்ப உங்கள் மாலைகளை அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஆயினும் ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லி அறிவதே பணியின் நடுப்பகுதி, அது ஓய்வு நேர உபசாரமன்று என்ற அவருடைய கருத்து இங்கும் பொருந்தும். மனிதர் கடுமையாகவும் நீட்டியும் எழுதுவார். சுருக்கப் பதிப்பை வாசித்தாலும் குற்றமில்லை.

மூன்றாவதாக, 590இல் ரோமின் ஆயரான பெரிய கிரகோரியார், அந்தப் பொறுப்பிலிருந்து தாம் ஏன் தப்பியோட முயன்றார் என்பதை விளக்கும் விதமாக எழுதிய மேய்ப்புப்பணி நூல். நான்கு பாகங்களில் மூன்றாவதே மிக நீளமானது. ஏழைக்கும் செல்வனுக்கும், மகிழ்ந்திருப்பவனுக்கும் துயருற்றவனுக்கும், அதிகம் பேசுகிறவனுக்கும் வாய் திறவாதவனுக்கும் ஒரே புத்திமதி உதவாது என்று ஒவ்வொரு இணையாக எடுத்து அவர் ஆராய்கிறார். ஒரே பிரசங்கத்தை எல்லார் தலையிலும் கொட்டிவிட்டுத் திருப்தியடைகிற நம் பழக்கத்திற்கு இது நல்ல மருந்து.

ஆராதனைக்குப் பெரிய நூல் எதுவும் இப்போது வேண்டாம். 155ஆம் ஆண்டையொட்டி ரோமில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ ஆசிரியர், தம் விசுவாசத்தைக் காத்துப் பேரரசர் அந்தோனினஸ் பயஸுக்கு எழுதிய விளக்கத்தின் (First Apology) 67ஆம் அதிகாரம் ஒரு பக்க அளவுதான். ஞாயிறன்று கூடுதல், அப்போஸ்தலரின் குறிப்புகளையும் தீர்க்கதரிசிகளையும் நேரம் உள்ளவரை வாசித்தல், அறிவுரை, எழுந்து நின்று ஜெபித்தல், அப்பமும் இரசமும், மக்களின் ஆமென், வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர் வழியாக அப்பத்தை அனுப்புதல், திக்கற்றோர்க்கும் விதவைகளுக்கும் சிறையிலிருப்போர்க்கும் காணிக்கை என எல்லாம் அதில் உண்டு. உங்கள் சபையின் ஆராதனை முறைமைப் புத்தகத்தை அதன் பக்கத்தில் வைத்துப் படித்தால், எது தொடக்கத்திலிருந்தே வருவது என்பது தெளிவாகும். நோயாளியின் வீட்டுக்குத் திருவிருந்து கொண்டுசெல்லப்படுவதும் அதே வழக்கத்தின் தொடர்ச்சியே என்பது விளங்கும். இந்த மூவரின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகளும் பதிப்புகளும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

கேள்வி (புதுச்சேரி வாசகி): தனி ஜெபத்தில் என் மனம் அலைகிறது. அதனால் எழுதப்பட்ட ஜெபங்களை வாசிக்கிறேன். அவற்றில் உயிரில்லை என்கிறார்கள் தோழிகள். எதை வாசிக்கலாம்?

பதில்: இதே கேள்வியை மார்ட்டின் லுத்தரிடம் அவருடைய நாவிதரான பேதுரு கேட்டார். 1535இல் அவருக்காகவே லுத்தர் ஒரு சிறு நூல் (ஆங்கிலத்தில் A Simple Way to Pray) எழுதினார். நல்ல நாவிதர் கத்தியிலும் முடியிலுமே கண் வைத்திருப்பார், பேச்சில் மயங்கினால் வந்தவரின் மூக்கையோ தொண்டையையோ அறுத்துவிடுவார் என்று, கேட்டவரின் தொழிலிலிருந்தே அவர் கவனத்தைப் பற்றி விளக்குகிறார். பத்துக் கற்பனைகளில் ஒன்றை எடுத்து, அது கற்பிப்பது என்ன, அதற்காக நன்றி சொல்ல வேண்டியது எது, அறிக்கையிட வேண்டிய பாவம் எது, கேட்க வேண்டியது எது என்று நான்காகப் பிரித்து ஜெபிக்கச் சொல்கிறார். அப்படிச் செய்கையில் ஆவியானவர் மனத்தில் பேசத் தொடங்கினால், மற்ற வார்த்தைகளை விட்டுவிட்டு அமைதியாகக் கேளுங்கள் என்றும் சேர்க்கிறார். ஆகவே எழுதப்பட்ட ஜெபமா, சுயமான ஜெபமா என்ற வழக்கைத் தோழிகளோடு நடத்த வேண்டியதில்லை. ஒன்று மற்றொன்றுக்குள் உங்களைக் கொண்டுபோகும்.

ரோம் 410இல் சூறையாடப்பட்டபின் ஆப்பிரிக்காவில் அடைக்கலம் புகுந்த புரோபா என்ற விதவைக்கு, அங்கே ஆயராயிருந்த அகுஸ்தீனார் எழுதிய கடிதத்தையும் தேடிப் படியுங்கள். எகிப்தின் துறவிகள் அடிக்கடியும் மிகச் சுருக்கமாகவும் ஜெபித்ததை அதில் அவர் பாராட்டுகிறார். மனம் அலைகிறவர்களுக்கு ஒரு மணி நேர முயற்சியைவிட அதுவே ஏற்றது என்று நானும் நினைக்கிறேன். சங்கீதங்களை நாள்தோறும் வாய்விட்டு வாசிப்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

கேள்வி (நெல்லிக்குப்பம் வாசகர்): லுத்தரன் சபையைச் சேர்ந்த நாங்கள் கத்தோலிக்கர் எழுதிய நூல்களை வாசிக்கலாமா?

பதில்: தாராளமாக. மேலே சொன்ன கிரகோரியாரும் அகுஸ்தீனாரும் எல்லாத் திருச்சபைகளுக்கும் பொதுவானவர்கள். சங்கடம் வீரமாமுனிவரிடம்தான் வரும். தரங்கம்பாடி லுத்தரன் மிஷனரிகளைக் கடுமையாகத் தாக்கிய நூல்கள் அவருடையவை. அந்த வாதங்களைத் திருச்சபை வரலாறு படிக்கிறவர்கள் படித்தால் போதும். ஆனால் உபதேசியார்களுக்காக அவர் எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’ வேறு வகை. கிராமங்களில் குருவானவர் இல்லாத நாட்களில் சபையைத் தாங்குகிற ஒருவர் எத்தகையவராக இருக்க வேண்டும் என்பதை 18ஆம் நூற்றாண்டிலேயே தமிழ் உரைநடையில், நம் மண்ணின் நிலைமையை அறிந்து பேசிய நூல் அது. முதுநகர் வாசகருக்கும் இதைச் சேர்த்துச் சொல்கிறேன். பழைய நடைக்குப் பழகும்வரை நாளுக்கு இரண்டு பக்கத்திற்கு மேல் போகாதீர்கள்.