சீரியல் ப்ரோமோவில் இருக்கிற பரபரப்பு எபிசோடில் ஏன் இருப்பதில்லை?

“முப்பது விநாடி ப்ரோமோவைப் பார்த்தால் சினிமா ட்ரெய்லர் தோற்றுவிடும். ராத்திரி எபிசோடைப் பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை. என்ன வித்தை செய்கிறார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். நான் குறும்படங்களுக்கும் கல்யாண வீடியோக்களுக்கும் எடிட்டிங் செய்து பிழைப்பவன். வீட்டில் விளக்கு வைத்த பிறகு ரிமோட் அம்மா கையில். அதனால் இந்த விஷயத்தில் ரெண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

கேமராவை விட எடிட்டிங் மேஜையில்தான் இந்த வித்தை அதிகம் நடக்கிறது. ஒரு கல்யாண மண்டப ப்ரோமோவை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த சீரியல் என்று கேட்காதீர்கள், எல்லா சேனலிலும் வருவதுதான். கெட்டிமேளம் முழங்குகிறது. மாப்பிள்ளை கையில் தாலி. பெண்ணின் கண்ணில் தண்ணீர். சட்டென்று மேளம் அடங்கி, “நிறுத்துங்க!” என்று ஒரு பெண் குரல். குரல் யாருடையது என்று காட்ட மாட்டார்கள். அப்பா திரும்புகிறார், மாமியார் திரும்புகிறார், மாப்பிள்ளை எழுந்திருக்கிறார். வாசலில் கொலுசு போட்ட ஒரு ஜோடிக் கால். கடைசியில் வில்லியின் முகம், உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு. இன்று இரவு எட்டு மணிக்கு!

எட்டு மணிக்கு உட்கார்ந்தால் என்ன நடக்கும்? பாட்டியிடம் ஆசீர்வாதம் வாங்காமல் தாலி கட்டலாமா என்று பெண்ணின் அத்தை நிறுத்தியிருப்பார். கொலுசுக் கால், தாம்பூலத் தட்டு தூக்கி வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுடையது. வில்லி சிரித்தது அதற்கு முந்தைய காட்சியில், வேறு யாரிடமோ போனில் பேசும்போது. ப்ரோமோவில் பொய்யான ஷாட் ஒன்றுகூட இல்லை, கவனியுங்கள். வரிசைதான் பொய்.

இந்த வரிசைப் பொய்க்கு நூறு வயதாகிறது. 1920 வாக்கில் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் ஒரு சோதனை செய்தார். இவான் மொஸ்ஜூகின் என்ற நடிகரின் ஒரே முக பாவனையை மூன்று தடவை போட்டு, ஒரு முறை சூப் கிண்ணத்தோடும், ஒரு முறை சவப்பெட்டியோடும், ஒரு முறை ஒரு பெண்ணோடும் ஒட்டினார். பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசி, துக்கம், ஆசை என்று தனித்தனியாகக் கண்டுபிடித்து நடிப்பைப் புகழ்ந்ததாகச் சொல்வார்கள். சினிமா படிக்கிற எல்லோருக்கும் ஆரம்பத்திலேயே சொல்லித்தரும் பாடம் இது.

இந்தப் பாடத்துக்கு நம் சீரியல் மாதிரி தோதான சரக்கு வேறு கிடையாது. கூடத்தில் எட்டுப் பேர் நிற்பார்கள், ஒருவர் பேசுவார், மீதி ஏழு பேருக்கும் தனித்தனியாக ரியாக்‌ஷன் க்ளோசப் எடுத்து வைத்திருப்பார்கள். வசனம் கிடையாது, பின்னால் மங்கலாக ஒரு சுவர் அல்லது திரைச்சீலை. அப்படி ஒரு முகத்தை எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம். திங்கட்கிழமை அழுததை வெள்ளிக்கிழமை சண்டைக்குப் பக்கத்தில் வைத்தாலும் தெரியாது. புடவை மாறியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். (அம்மா அதைக் கண்டுபிடித்துவிடுவார். “இது நேத்து கட்டியிருந்த பச்சை ஆச்சே” என்பார்.)

ஒரே அதிர்ச்சியை மூன்று கோணத்தில் மூன்று தடவை காட்டுவதை எல்லோரும் கிண்டல் செய்கிறோம். அதற்கும் பெரிய இடத்து வம்சாவளி உண்டு. சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனின் 1925ஆம் ஆண்டுப் படமான ‘பேட்டில்ஷிப் பொட்டம்கின்’னில் கோபத்தில் ஒரு மாலுமி தட்டை உடைப்பான். அந்த ஒரு செயலையே வெவ்வேறு கோணங்களில் துண்டு துண்டாக அடுக்கி, நிஜத்தில் ஆகும் நேரத்தைவிட நீட்டியிருப்பார். கோபம் அந்த நீட்டலில்தான் ஏறும். அவர் ஒரு படத்தில் ஓரிரு இடத்தில் செய்தார். நம் ஆட்கள் பால் பொங்கினாலும் செய்கிறார்கள்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம் ஒலி. சினிமா ட்ரெய்லர் தியேட்டர் இருட்டில் உட்கார்ந்திருப்பவருக்காகச் செய்யப்படுவது. சீரியல் ப்ரோமோவோ வெங்காயம் நறுக்கிக்கொண்டும், குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டும் இருப்பவரைத் திரும்ப வைக்க வேண்டும். அதனால் காதுக்காக முதலில் எடிட் செய்கிறார்கள். கண்ணாடி உடையும் சத்தம், பளாரென்று ஓர் அறை, “நீ என் புள்ளையே இல்ல!” என்று ஒரு வசனம். ஆளைக் காட்டுவதற்கு முன்பே குரல் வந்துவிடும். இதை எடிட்டிங்கில் ஜே கட் என்பார்கள். குரல் யாருடையது என்று பார்க்க அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தே ஆக வேண்டும். அப்புறம் அந்த ஒரு விநாடி மௌனம். விளம்பரச் சத்தத்துக்கு நடுவில் டிவி திடீரென்று அமைதியானால் யாருக்கும் தலை திரும்பும்.

2022இல் சன் டிவியில் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’ சீரியலில் ஆதி குணசேகரனாக வந்த ஜி. மாரிமுத்துவை நினைத்துப் பாருங்கள். “இந்தாம்மா, ஏய்” என்று அவர் இழுப்பது ஊரெல்லாம் மீம் ஆனது. அந்தக் குரலைக் கேட்டாலே போதும், ஆளைப் பார்க்க வேண்டியதில்லை. இப்படி ஒரு நடிகர் கிடைத்தால் ப்ரோமோ எடிட்டருக்குப் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று, புது சீரியலுக்கு வரும் அறிமுக ப்ரோமோவையும் அன்றாட ப்ரோமோவையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். அறிமுக ப்ரோமோவைத் தனியாக ஷூட் செய்வார்கள். ட்ரோன் ஷாட், மழை, மேலும் கீழும் கறுப்புப் பட்டை, நீலமும் ஆரஞ்சுமாகக் கலர், கதாநாயகன் வந்தால் முதலில் செருப்பு, அப்புறம் முதுகு, கடைசியில்தான் முகம். அசல் சினிமா என்ட்ரி. சீரியல் தொடங்கியதும் அந்தக் கலரும் போய்விடும், மழையும் நின்றுவிடும். காரணம் கஞ்சத்தனம் மட்டும் இல்லை. தினமும் ஓர் எபிசோட் போக வேண்டும், ஷாட்டுக்கு ஷாட் விளக்கை மாற்றிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். கூடம் முழுக்க ஒரே வெளிச்சமாகப் போட்டுவிட்டு எல்லாக் கோணத்தையும் எடுத்துத் தள்ளுவார்கள்.

அன்றாட ப்ரோமோவில் வரும் ஸ்லோமோஷனைக் கவனித்தால் இந்த வித்தியாசம் பிடிபடும். நம் டிவிக்கு விநாடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 படம். நிஜமான ஸ்லோமோஷன் வேண்டுமென்றால் 100 ஃபிரேம் மாதிரி கூடுதலாக எடுத்து மெதுவாக ஓட்ட வேண்டும், அப்போதுதான் முடி பறப்பது வழுக்கிக்கொண்டு போகும். எபிசோடுக்கு 25இல் எடுத்ததை எடிட்டில் பிடித்து இழுத்தால் கை அசைவு திக்கித் திக்கி வரும். முகத்தை நோக்கிப் பாய்கிற ஜூமும் பல நேரம் லென்ஸில் செய்ததில்லை, எடிட்டில் படத்தைப் பெரிதாக்கியதுதான். முகம் கிட்டே வர வர மசமசவென்று ஆகும்.

இவ்வளவு பாடு எதற்கு? டி.ஆர்.பி.க்குத்தான். எதை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அளக்கிற பார்க் (BARC) அமைப்பின் ரேட்டிங் வாரா வாரம் வருகிறது. கதை ஒரு வாரம் படுத்தாலும் ப்ரோமோ படுக்கக் கூடாது. கதையே இல்லாத வாரத்துக்கு ரெண்டு சீரியல்களைச் சேர்த்து மகாசங்கமம் போடுவார்கள். அப்போது ப்ரோமோவும் மல்டி ஸ்டார் படம் மாதிரி எல்லோரையும் ஒரே வரிசையில் நடக்கவிடும்.

சரி, ஏமாறாமல் இருக்க ஏதாவது வழி? சண்டை போடும் ரெண்டு பேரும் ஒரே ஃபிரேமில் தெரிகிறார்களா என்று பாருங்கள். தெரிந்தால் அந்தச் சண்டை எபிசோடில் இருக்கும். தனித்தனி க்ளோசப்பாகவே வந்தால் நம்பாதீர்கள். ஒரே ஃபிரேமில் வந்தும் படத்தின் ஓரங்கள் லேசாகப் புகை படிந்த மாதிரி இருந்தால், அது யாரோ காண்கிற கனவு.

இதையெல்லாம் அம்மாவுக்கும் விளக்கினேன். “தெரியும்டா, கனவுதான். ஆனா யாரு கனவுன்னு பார்க்க வேணாமா?” என்றார்.