நண்பர் அனுப்பிய லிங்க்கில் கார் வாங்கலாமா?

போன இதழில் மின்சார கார் பற்றி இரண்டே வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஷோரூமில் டை கட்டிக்கொண்டு கார் விற்றவன் நான். அந்தத் தொழிலின் உள்விவகாரம் கொஞ்சம் தெரியும் என்பதால் இந்த முறை பக்கம் முழுக்க இதற்கே.

கேள்வி: என் நண்பர் மின்சார கார் வாங்கியதிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவை ரெஃபரல் லிங்க் அனுப்புகிறார். அதில் ஆர்டர் போட்டால் எனக்குத் தள்ளுபடி, அவருக்குப் பரிசாம். கம்பெனிக்காரன் இரண்டு பேருக்கும் சும்மா எதற்குக் கொடுக்கிறான்? எங்கே இடிக்கிறது? (பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்)

பதில்: சும்மா கொடுக்கவில்லை. உங்களை ஷோரூமுக்குள் இழுத்து, டெஸ்ட் டிரைவ் கொடுத்து, நாலு தடவை போன் போட்டு, கடைசியில் கையெழுத்து வாங்குவதற்குள் ஒரு செலவு ஆகுமே, அதைத்தான் எடுத்து உங்கள் இருவருக்கும் பிரித்துத் தருகிறான். அந்தச் செலவில் என் சம்பளமும் இருந்தது, அதனால் எனக்கு நன்றாகவே தெரியும்.

இதைக் கார் வியாபாரத்தில் பெரிய அளவில் செய்து காட்டியது அமெரிக்க மின்சார கார் கம்பெனியான டெஸ்லா. 2015 கோடையில் ஆரம்பித்தார்கள். அவர்களின் மாடல் எஸ் காரை வாங்கியவர் லிங்க் கொடுத்து இன்னொருவர் வாங்கினால், வாங்குபவருக்கு 1,000 டாலர் குறையும், லிங்க் கொடுத்தவர் கணக்கில் 1,000 டாலர் ஏறும். அது ஏன் 1,000? கம்பெனித் தலைவர் எலான் மஸ்க் அப்போது கணக்கை மறைக்காமலே சொன்னார்: கடை வழியாக ஒரு கார் விற்க ஏறக்குறைய 2,000 டாலர் செலவாகிறது. அதைச் சரிபாதியாக வெட்டிவிட்டார், அவ்வளவுதான். டீலர்களே இல்லாமல் நேரடியாக விற்ற கம்பெனி அது. அதிலும் அமெரிக்காவின் டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் கார் கம்பெனி தானே கடை வைத்து நேரடியாக விற்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. காசு கொடுத்து விளம்பரம் போடும் வழக்கமும் அப்போது அவர்களுக்குக் கிடையாது. ஆக, ஏற்கெனவே வாங்கியவர்களின் வாய்தான் அவர்களுக்கு ஷோரூம். மஸ்க் முன்பு இருந்த, இணையத்தில் பணம் அனுப்பும் பேபாலும் ஆரம்ப காலத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்கு 10 டாலர், சேர்த்துவிட்டவருக்கு 10 டாலர் கொடுத்து வளர்ந்த கம்பெனிதான். பழைய வித்தையைப் புதுச் சந்தைக்குக் கொண்டுவந்தார்.

உங்கள் நண்பர் மேல் சந்தேகப்படாதீர்கள். பிடித்த காரைப் பற்றி அவர் எப்படியும் பேசத்தான் போகிறார். அதற்குப் பரிசு வேறு என்றால் கரும்பு தின்னக் கூலி. ஒன்று மட்டும் செய்யுங்கள்: லிங்க்கைத் தொடாமல் முதலில் விலையைப் பாருங்கள். அப்புறம் லிங்க் வழியாகப் போய் அதே காருக்கு என்ன விலை காட்டுகிறது என்று பாருங்கள். வித்தியாசம் நிஜமாகவே இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆர்டர் போட்ட பிறகு நண்பரின் லிங்க்கைச் சேர்க்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியாது. ஆர்டர் போடும் அந்த நேரத்திலேயே லிங்க் பதிவாக வேண்டும். பரிசும் ஆர்டர் அன்று ஏறாது, டெலிவரி எடுத்த பிறகுதான். நடுவில் ரத்து செய்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை.

கேள்வி: ஆறு மாதம் முன்பு இருந்த ரெஃபரல் சலுகை திடீரென்று நின்றுவிட்டது. நான் காத்திருக்கட்டுமா? திரும்ப வருமா? (ஓய்வுபெற்ற ஆசிரியை)

பதில்: டீச்சர், ரெஃபரல் பரிசை நான் ஜுரமானி மாதிரிதான் பார்க்கிறேன். ஆர்டர் புத்தகம் நிரம்பி வழிந்தால் பரிசு மறையும். முற்றத்தில் வண்டிகள் நின்று வெயில் காய ஆரம்பித்தால் பரிசு திரும்பி வரும்.

டெஸ்லாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 செப்டம்பரில் கார்களுக்கான ரெஃபரலை நிறுத்தினார்கள். அந்தச் சமயத்தில் வாங்க வந்தவர்கள் மாதக்கணக்கில் வரிசையில் நின்றார்கள், இழுத்துவர ஆள் எதற்கு? 2022 கடைசியில் வரிசை கரைந்தது, ரெஃபரல் திரும்ப வந்தது. 2023 ஜனவரியிலோ நேராக விலையையே வெட்டினார்கள், சில மாடல்களுக்கு 20 சதவீதம் வரை. முந்தின மாதம் முழு விலை கொடுத்து எடுத்தவர்கள் சீனாவில் ஷோரூம் வாசலில் கூடிச் சத்தம் போட்டார்கள்.

அந்தச் சத்தத்தில்தான் ரெஃபரலின் அருமை தெரியும். விலையைக் குறைத்தால் ஏற்கெனவே வாங்கியவர் வயிறு எரிகிறார், அவர் காரின் மறுவிற்பனை மதிப்பும் அன்றே இறங்கிவிடுகிறது. ரெஃபரலில் கொடுப்பதும் தள்ளுபடிதான், ஆனால் விலைப்பட்டியலில் இருக்கும் எண் அசையாது. பழைய வாடிக்கையாளரும் பங்கு கிடைப்பதால் வாயைத் திறக்க மாட்டார். நாங்கள் ஷோரூமில் சீட் கவர், மேட் என்று இலவசமாகத் தள்ளிவிட்டதும் இதே கதைதான். விலையைக் குறைக்காமல் குறைப்பது.

ஆனால் ஜுரமானியும் சில நேரம் பொய் சொல்லும். 2019 பிப்ரவரியில் விற்பனை மந்தமாக இருந்த காலாண்டிலேயே ரெஃபரலை நிறுத்தினார்கள். காருக்குச் செலவு ஏறுகிறது, அதுவும் விலை குறைந்த மாடல் 3 காருக்குக் கட்டுப்படியாகவில்லை என்றார் மஸ்க். அடுத்த மாதமே ஆளுக்கு 1,000 மைல் இலவச சார்ஜிங், கூடவே குலுக்கல் என்று சின்ன அளவில் மறுபடி கொண்டுவந்தார்கள். ஆகவே திரும்ப வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், பழைய உருவத்தில் வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். கார் இப்போதே தேவை என்றால் இதற்காகக் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: ஆள் சேர்த்தே ஒரு காரை இலவசமாக வாங்கியவர்கள் இருக்கிறார்களாமே, நிஜமா? (கல்லூரி மாணவர்)

பதில்: இலவசமாக "ஜெயித்தவர்கள்" உண்டு, தம்பி. வாங்கியவர்கள் என்று சொல்லும்போதுதான் நாக்கு தடுக்குகிறது.

2017 நவம்பரில் டெஸ்லா புது ரோட்ஸ்டர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் காட்டியது. முதல் வரிசை வண்டிகளுக்கு 2,50,000 டாலர் விலை. ரெஃபரலில் ஒரு கட்டத்தைத் தாண்டியவருக்கு, அதற்கு மேல் சேர்க்கும் ஒவ்வொரு ஆளுக்கும் அதில் 2 சதவீதம் கழியும். ஐம்பது ஆள் சேர்த்தால் நூறு சதவீதம். சாதாரண ஆளுக்கு ஐம்பது பேர் கார் வாங்குவதைப் பார்க்கவே ஆயுள் போதாது. ஆனால் யூடியூபில் வீடியோ போடுபவர்கள் ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழேயும் லிங்க்கை ஒட்டிவைத்து அனாயாசமாகத் தாண்டினார்கள். சிலர் இரண்டாவது காருக்கே கணக்கு ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த ரோட்ஸ்டர் 2020ல் வரும் என்றார்கள். 2025 முடிந்தபோதும் ஒரு வாடிக்கையாளர் கையில்கூடச் சாவி விழவில்லை. பரிசுக் கடிதம் இருக்கிறது, வண்டி இல்லை.

உங்களுக்கு இதில் ஒரு உபயோகமான விஷயம் உண்டு. கார் விமரிசனம் பார்க்கும்போது கீழே ரெஃபரல் லிங்க் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. குறை எங்கேயாவது வருகிறதா என்று கவனியுங்கள். பத்து நிமிஷத்தில் ஒரு குறைகூட வராத கார் இன்னும் செய்யப்படவில்லை.

கேள்வி: ஒரே வாரத்தில் ஒரு பத்திரிகை "மின்சார கார் விற்பனை வேகம் குறைகிறது" என்கிறது, இன்னொன்று "விற்பனை வரலாறு காணாத உச்சம்" என்கிறது. யார் பொய் சொல்கிறார்கள்?

பதில்: இருவருமே உண்மைதான் சொல்கிறார்கள். பென்சில் எடுங்கள். சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி உலகில் 2022ல் 1 கோடிக்கு மேல் மின்சார கார்கள் விற்றன. 2023ல் ஏறக்குறைய 1.4 கோடி. 2024ல் 1.7 கோடியைத் தாண்டியது. 2023ல் கூடியது 35 லட்சம் கார். 2024ல் கூடியதும் அதே 35 லட்சம். ஆனால் அடித்தளம் பெரிதாகிவிட்டதால் சதவீதம் 35லிருந்து 25க்கு இறங்கிவிட்டது. சதவீதத்தைப் பார்த்தவர் "வேகம் குறைகிறது" என்று எழுதினார், எண்ணிக்கையைப் பார்த்தவர் "உச்சம்" என்று எழுதினார்.

இன்னும் இரண்டு கண்ணி இருக்கிறது. இந்தக் கணக்கில் முழு பேட்டரி கார் மட்டுமல்ல, பெட்ரோலிலும் ஓடி, பிளக்கிலும் சார்ஜ் செய்யும் ஹைபிரிட்டும் சேர்த்தி. சீனாவின் பிஒய்டி விற்பனை எண்ணைப் படிக்கும்போது இதைக் கவனிக்காவிட்டால் தலை சுற்றும், அவர்கள் இரண்டையும் ஏராளமாக விற்கிறார்கள். அடுத்தது, ஒரு கம்பெனியின் கதையை ஊரின் கதையாக்குவது. டெஸ்லா 2023ல் 18.1 லட்சம் கார் டெலிவரி செய்தது, 2024ல் 17.9 லட்சம், 2025ல் 16.4 லட்சம். இதைப் பார்த்து மின்சார காரின் காலம் முடிந்தது என்று ஒரு கட்டுரை வந்தது. அதே 2025ல் பிஒய்டி ஹைபிரிட்டைக் கழித்துவிட்டு, முழு பேட்டரி கார் மட்டும் 22 லட்சத்துக்கு மேல் விற்றது. வாடிக்கையாளர் எங்கேயும் ஓடிவிடவில்லை, பக்கத்துக் கடைக்குப் போனார்.

அப்புறம், மாதக் கணக்கை முந்தின மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். காலாண்டு கடைசியில் எல்லா கம்பெனியும் விழுந்தடித்து டெலிவரி செய்யும். நாங்களே மாதக் கடைசி நாள் ராத்திரி பத்து மணிக்கு சாவி கொடுத்திருக்கிறோம். மறுநாள் ஷோரூமில் ஈ ஓட்டுவோம்.

கேள்வி: அரசு மானியம் முடியப்போகிறது என்கிறார்கள். அதற்குள் வாங்கிவிட வேண்டுமா? முடிந்த பிறகு விலை விழுமா?

பதில்: மானியம் முடியும் தேதி தெரிந்தால் கூட்டம் முண்டியடிக்கும். முடிந்த மறுநாள் கடை காலி. அமெரிக்காவில் 7,500 டாலர் வரிச் சலுகை 2025 செப்டம்பர் 30ஆம் தேதியோடு முடிந்தது. அந்தக் காலாண்டில் டெஸ்லா உலகம் முழுக்கச் சேர்த்து சுமார் 4,97,000 கார் டெலிவரி செய்தது, அது வரை காணாத எண். அடுத்த காலாண்டில் சுமார் 4,18,000.

ஜெர்மனியில் நடந்தது இன்னும் கூத்து. 2024 முடியும் வரை மானியம் உண்டு என்று சொல்லிவைத்திருந்தார்கள். 2023 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, மறுநாளோடு விண்ணப்பத்தை மூடுகிறோம் என்று அறிவித்தார்கள். அந்த ஆண்டு ஜெர்மனியில் சுமார் 5,24,000 பேட்டரி கார் விற்றிருந்தது. 2024ல் 3,81,000 ஆகச் சரிந்தது. 2025ல் அந்த வாங்கும் மானியம் இல்லாமலே பழைய அளவைத் தாண்டிவிட்டது.

என் யோசனை கேட்டால்: உங்களுக்குத் தேவையான மாடல் கையிருப்பில் இருந்து, மானியமும் நிச்சயம் என்றால் வாங்குங்கள். கடைசி வாரத்தில், கிடைத்த நிறம் கிடைத்த மாடல் என்று எடுக்காதீர்கள். மானியம் முடிந்த பிறகு காலி ஷோரூமில் கம்பெனிகள் தாங்களே கொஞ்சம் இறங்கி வருவதும் உண்டு. ரெஃபரல் பரிசு பெருகும் காலமும் அதுதான்.

கேள்வி: என் மச்சினர் கார் வாங்கப் போகிறார். என் லிங்க்கைக் கொடுத்து அதில் பரிசு வாங்கினால் உறவுக்குள் தப்பாகப் படுமா? (ஒரு வாசகி)

பதில்: சொல்லிவிட்டு வாங்குங்கள் அம்மா, தப்பே இல்லை. "இதில் எனக்கும் இவ்வளவு வருகிறது" என்று முதல் வாக்கியத்திலேயே போட்டு உடைத்துவிடுங்கள். அமெரிக்காவில் காசு வாங்கிக்கொண்டு பொருளைச் சிபாரிசு செய்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று வணிக ஆணையத்தின் விதியே இருக்கிறது. மச்சினருக்கு விதி வேண்டாம், ஒரு போன் போதும்.

என் கதையைக் கேளுங்கள். நான் மின்சார கார் எடுத்த புதிதில் தலைகால் புரியவில்லை. என் அக்கா மகனைப் பிடித்து உட்கார வைத்து ஒன்றரை மணி நேரம் பேசினேன். பெட்ரோல் செலவு, இன்ஜின் ஆயில் கிடையாது, சத்தம் கிடையாது, எல்லாம் சொன்னேன். பரிசு விஷயத்தையும் மறைக்கவில்லை. அவன் என் லிங்க்கிலேயே ஆர்டர் போட்டான். இருபத்திரண்டு வருஷம் கார் விற்ற நான், வாடிக்கையாளரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வியை அவனிடம் கேட்கவே இல்லை: வண்டியை ராத்திரி எங்கே நிறுத்துவாய்?

அவன் இருப்பது மூன்றாவது மாடி. கீழே நிறுத்தும் இடத்தில் பிளக் பாயிண்ட் கிடையாது. போட்டுக்கொள்ள அனுமதி கேட்டு அவன் கொடுத்த மனு இன்னும் குடியிருப்போர் கூட்டத்தில் ஒத்திவைப்பிலேயே இருக்கிறது. பொது சார்ஜரில் வரிசையில் நின்று, வீட்டு மின்சாரத்தைவிடக் கூடுதல் காசு கொடுத்து ஏற்றிக்கொண்டு வருகிறான்.

எனக்கு வந்த பரிசு என்ன தெரியுமா? பொது சார்ஜரில் பயன்படுத்த இலவச சார்ஜிங் கிரெடிட். வீட்டிலேயே சார்ஜர் வைத்திருக்கும் என் கணக்கில் ஏறியது. அவன் கணக்குக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன், முடியாது என்று பதில் வந்தது. அதனால் இப்போது ஒரு ஏற்பாடு. சனிக்கிழமை ராத்திரி என் வண்டி தெருவில் நிற்கும், அவன் வண்டி என் சார்ஜரில் நிற்கும். நடுவாரத்தில் நான் போய் பொது சார்ஜரில் என் பரிசைத் தீர்த்துக்கொண்டு வருகிறேன்.