கிரேக்கத்தின் கிரீட் தீவில் வெண்கலக் காலத்தில் செழித்த மினோவன் நாகரிகத்தின் அரண்மனைகளில், அவற்றின் கட்டடக்கலையில் அப்படி என்னதான் சிறப்பு?

நடு முற்றம். கிரீட் தீவில் நோசோஸ், ஃபைஸ்டோஸ், மாலியா, ஸாக்ரோஸ் என்று எந்த அரண்மனையின் வரைபடத்தை எடுத்தாலும் நடுவில் வடக்கு தெற்காக நீண்ட ஒரு வெற்றிடம் இருக்கும். நோசோஸில் அது ஏறக்குறைய 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம். அதைச் சுற்றித்தான் அறைகள் எல்லாம் வருகின்றன, அதனால் வெளிச்சுவர் நேராக ஓடாமல் உள்ளும் புறமுமாக மடிந்து மடிந்து போகிறது. வெளியிலிருந்து பார்ப்பவரை மிரட்டும் எண்ணம் கட்டியவர்களுக்கு இருந்ததாகவே தெரியவில்லை. கிரேக்கப் பெருநிலத்தில் பிற்காலத்தில் எழுந்த மைசீனி நகரில் இருப்பது போன்ற பெரிய கோட்டை மதில் இங்கே கிடையாது. நோசோஸின் சிம்மாசன அறைகூடச் சின்னதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது வெளிச்சத்தை அவர்கள் கையாண்ட விதம். நோசோஸின் கிழக்குப் பகுதி சரிவைக் குடைந்து பல தளங்களாகக் கட்டியது, அங்கே சாதாரணமாக இருட்டு அடைத்துக்கொள்ளும். ஆனால் பெரிய படிக்கட்டின் பக்கத்திலேயே கூரையில்லாத ஒரு திறப்பை மேலிருந்து கீழ்த்தளம் வரை விட்டு, வெயிலையும் காற்றையும் உள்ளே இறக்கிவிட்டார்கள். அப்புறம் முக்கியமான கூடங்களில் சுவருக்குப் பதிலாக வரிசையாகத் தூண்கள், தூணுக்குத் தூண் இரட்டைக் கதவுகள். எல்லாவற்றையும் திறந்தால் ஒரே கூடம், சாத்தினால் தனி அறை, பாதி திறந்தால் வேண்டிய அளவு வெளிச்சம். கிமு 1700-ஐ ஒட்டிய பேரழிவுக்குப் பிறகு திரும்பக் கட்டியவற்றில் இந்த ஏற்பாடு நன்றாகத் தெரிகிறது. அந்த அழிவுக்கு நிலநடுக்கம்தான் காரணம் என்பது பலருடைய கருத்து. கல் சுவருக்குள் மரச்சட்டங்களைக் கோத்துக் கட்டியதும் ஆட்டத்தைத் தாங்கத்தான் என்கிறார்கள்.

நோசோஸின் மேற்குப் பகுதியில் வரிசையாகக் கிடங்குகள். குறுகலான நீண்ட அறைகளில் ஆளுயரத் தாழிகள். எண்ணெயும் தானியமும் சேர்ந்த இடத்தை வெறும் ராஜா வீடு என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நோசோஸ் படங்களில் பார்க்கும் அந்தச் சிவப்புத் தூண்கள், 1900-இல் அங்கே அகழாய்வைத் தொடங்கிய ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் பிறகு கான்கிரீட்டில் எழுப்பியவை. அசல் தூண்கள் மரம். அடியில் ஒடுங்கி மேலே பருத்த அந்த வடிவத்துக்கு மினோவன் சுவரோவியங்களிலேயே சான்று இருக்கிறது, ஆனால் மேல்தளங்களில் பல இடங்கள் எவன்ஸின் ஊகம். அதனால் நோசோஸோடு நிறுத்திவிடாமல் ஃபைஸ்டோஸ் படங்களையும் தேடிப் பாருங்கள். அங்கே இப்படிப் பெரிதாக எதையும் எழுப்பவில்லை. மேற்கே இருக்கும் அகலமான கல் படிக்கட்டும், முற்றமும், அடிச்சுவர்களும் பெரும்பாலும் கிடைத்த நிலையிலேயே இருக்கின்றன.