பனாமா கால்வாய் வழியாக க்ரூஸ் போக ஆசை. எந்தப் பயணத்தை, எந்தக் கப்பலைத் தேர்ந்தெடுப்பது?

பணம் கட்டும் முன் ஒன்றைக் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள்: கப்பலை ஏற்றி இறக்கும் தண்ணீர்த் தொட்டிகளான லாக்குகளில், கப்பல் பழைய லாக் வழியாகப் போகிறதா, புதிய லாக் வழியாகவா? டிராவல் ஏஜென்ட்கள் அறையையும் சாப்பாட்டையும் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், இதைப் பற்றி வாயே திறக்கமாட்டார்கள். நாமாகக் கேட்டால்தான் உண்டு.

கால்வாயின் நடுவே இருக்கும் காட்டூன் ஏரி, கடல் மட்டத்தைவிடச் சுமார் 26 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கப்பலை ஒரு பக்கம் ஏற்றி, ஏரியைக் கடக்கவிட்டு, மறுபக்கம் இறக்க வேண்டும். அப்படி ஏற்றி இறக்கும் தொட்டிகள்தான் லாக். தண்ணீர் ஏற்ற பம்பு கிடையாது, ஏரித் தண்ணீரே மேலிருந்து தானாக ஓடி வந்து தொட்டியை நிரப்பிவிடும். 1914இல் திறந்த பழைய தொட்டிகள் 33.5 மீட்டர் அகலம். 2016இல் திறந்த புதியவை 55 மீட்டர். கப்பலின் அகலம் 32.3 மீட்டரைத் தாண்டினால் பெரும்பாலும் புதிய வழிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் கம்பெனியின் இணையதளத்திலேயே அகலம் போட்டிருப்பார்கள். குறுகலான கப்பலையும் சில சமயம் புதிய வழியில் அனுப்புவதுண்டு, அது கால்வாய் நிர்வாகத்தின் முடிவு.

என் ஓட்டு பழைய லாக்குக்குத்தான். நான் போனது கொஞ்சம் வயதான, நடுத்தரக் கப்பல். தண்ணீர்ச் சறுக்கு, கார் ரேஸ் எதுவும் கிடையாது. ஆனால் லாக்குக்குள் நுழைந்ததும் கான்கிரீட் சுவருக்கும் கப்பலுக்கும் நடுவே இரண்டடி இடைவெளிதான் இருந்தது. கீழ்த்தளத்தில் நின்றால் சுவரில் உள்ள பாசியும் பழைய உரசல் தடங்களும் முகத்துக்கு நேரே தெரியும். நுழைவதற்கு முன் இரண்டு பேர் சின்னத் துடுப்புப் படகில் வந்து கயிற்றை வாங்கிக்கொண்டு போனார்கள். இவ்வளவு பெரிய எந்திரத்தில் முதல் வேலை துடுப்புக்குத்தான்! அதன்பின் இருபுறச் சுவர்களின் மேலும் தண்டவாளத்தில் ஓடும் மின்சார எஞ்சின்கள் கப்பலை நடுவில் பிடித்துக்கொள்கின்றன. அவற்றை அங்கே ‘கோவேறு கழுதை’ என்றுதான் சொல்கிறார்கள். கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் கொடுக்கும் உத்தரவுக்கு அவை மணியடித்துப் பதில் சொல்லும். பக்கத்துத் தொட்டியில் ஒரு சரக்குக் கப்பல் நம்மோடு சேர்ந்து மெல்ல மேலே வந்துகொண்டிருக்கும்.

புதிய லாக்கில் இந்தக் கழுதைகள் இல்லை, இழுவைப் படகுகள்தான். சுவர் தள்ளி நிற்கும். கதவுகள் பக்கவாட்டில் நகரும். அதுவும் பெரிய பொறியியல்தான், ஆனால் பத்தாவது மாடியிலிருந்து பார்க்கும்போது அந்த நெருக்கம் வராது. குழந்தைகளோடு போகிறீர்கள், கப்பலிலேயே கேளிக்கைகள் வேண்டும் என்றால் பெரிய கப்பலே சரி. 2018இல் நார்வீஜியன் பிளிஸ் என்ற க்ரூஸ் கப்பல் போனதிலிருந்து மிகப் பெரிய கப்பல்களும் இந்த வழியாகப் போய்வருகின்றன.

அடுத்து, முழுக் கால்வாயா, பாதியா? முழுசாகக் கடப்பது என்றால் பொதுவாக ஃபுளோரிடாவுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் நடுவே இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும். அதில் கால்வாய்க்கு ஒரே நாள்! மிச்சமெல்லாம் கடலும் துறைமுகங்களும்தான். கடலில் சும்மா உட்காரப் பிடிக்காதவர்களுக்கு இது ஒத்துவராது. இந்தப் பயணங்கள் பலவும் கொலம்பியாவின் கார்ட்டஹேனாவிலோ கரீபியன் தீவான அரூபாவிலோ நிற்பதற்குப் பின்னால் 1886ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுக் கப்பல் ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்க வேண்டுமானால், நடுவில் தொலைதூர வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொட வேண்டும். மெக்சிகோவில் நின்றால் கணக்கில் வராது, தென் அமெரிக்காவும் அரூபாவும் வரும்.

பாதிப் பயணத்தில் கப்பல் காட்டூன் ஏரி வரை ஏறி, வந்த பக்கமே திரும்பி இறங்கும். பத்து நாள் போல ஆகும், கிளம்பிய ஊருக்கே வந்துவிடலாம். ஆனால் ஏரியில் இறங்கிச் சுற்றுலா போனால், கப்பல் நீங்கள் இல்லாமலேயே லாக்கில் இறங்கிப்போய் அட்லாண்டிக் பக்கத் துறைமுகமான கொலோனில் காத்திருக்கும். பெயரில் ‘பனாமா’ என்று போட்டுவிட்டு, லாக் பக்கமே போகாமல் கொலோன் துறைமுகத்தில் மட்டும் நிற்கும் பயணங்களும் உண்டு. அட்டவணையை வரிக்கு வரி படியுங்கள்.

கால்வாய் மட்டும் போதும் என்றால் க்ரூஸே வேண்டாம் என்பேன். பனாமா சிட்டிக்கு விமானத்தில் போய், அங்கிருந்து கிளம்பும் சுற்றுலாப் படகில் பசிபிக் பக்கம் இருக்கும் மிராஃப்ளோரஸ், பெட்ரோ மிகேல் லாக்குகளைக் கடந்துவிடலாம். செலவும் நாளும் எவ்வளவோ குறைவு.

பால்கனி எந்தப் பக்கம் என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்துப் பக்கத்தில் உள்ள தொட்டிகளில் எது என்பது அன்றைக்குத்தான் தெரியும், அதோடு அன்று முழுக்க நீங்கள் அறையில் இருக்கப்போவதும் இல்லை. அட்லாண்டிக் பக்கமிருந்து நுழைந்தால் விடிவதற்கு முன்பே முன்தளத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். முதல் தொட்டியை அங்கேயே பாருங்கள். இரண்டாவதற்கு வெளியே நிற்கக்கூடிய கீழ்த்தளத்துக்கு வந்துவிடுங்கள். மூன்றாவதற்குக் கப்பலின் பின்பக்கம். கதவுகள் மூடுவதும், படிபடியாகக் கீழே கரீபியன் கடலும் அங்கிருந்துதான் தெரியும். ஏரியில் சாப்பிட்டுத் தூங்கலாம். குலேப்ரா வெட்டு வரும்போது எழுந்துவிட வேண்டும். மலையைப் பிளந்து சுமார் 14 கிலோமீட்டர் தோண்டியிருக்கிறார்கள், வெட்டிய இடமெல்லாம் சரிந்து சரிந்து அவர்களைப் படாதபாடு படுத்திய பகுதி அது.

டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை மழை குறைவு. ஏப்ரல், மே மாதங்களிலும் செப்டம்பர், அக்டோபரிலும் அலாஸ்காவுக்குப் போய்வரும் கப்பல்கள் இந்த வழியாக இடம் மாறும், அப்போது கட்டணம் பெரும்பாலும் இறங்கும். மழையில் நனையத் தயார் என்றால் அக்டோபரும் மோசமில்லை.

அமெரிக்க விசா தேவைப்படுபவர் என்றால் பலமுறை நுழையும் விசாதான் வேண்டும், நடுவில் வெளிநாடு போய் மறுபடி நுழைகிறீர்கள் அல்லவா. கப்பல் நிற்கும் மற்ற நாடுகளின் விதிகளையும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி விவரத்தையும் விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.