எக்கோவில் 30 சதவீதம் என்றால் 70 சதவீதம் போய்விட்டதா?

அப்பாவுக்கு இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோவில் 30 சதவீதம் என்று வந்திருக்கிறது, மீதி 70 போய்விட்டதா, வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். என் அம்மாவின் ரிப்போர்ட்டைப் பார்த்து நானும் இதே கணக்கைத்தான் போட்டேன். தப்புக் கணக்கு.

இதயத்தின் இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எவ்வளவு வெளியே போகிறது என்பதுதான் அந்த எண். நல்ல இதயமே முழுவதையும் தள்ளுவதில்லை. 55 முதல் 70 வரை இருந்தால் இயல்பு. ஆகவே 30ஐ நூறோடு அல்ல, அறுபதோடு வைத்துப் பாருங்கள். குறைவுதான். ஆனால் மருந்து ஒழுங்காகப் போனால் பலருக்கு அது ஏறவும் செய்கிறது.

வீட்டில் எக்கோவைவிட உதவுவது எடைக் கருவி. காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன் எடை பார்த்து எழுதி வையுங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவோ ஏறினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். அது சதை அல்ல, நீர்.

இது தெரியாமல், அம்மாவுக்கு நான்கு நாளில் இரண்டரைக் கிலோ கூடியபோது உடம்பு தேறுகிறது என்று சந்தோஷப்பட்டோம். இரவில் மூன்றாவது தலையணை கேட்டார்; முதுகு வலி என்றார். உண்மையில் படுத்தால் மூச்சு முட்டியிருக்கிறது. கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தேன், குழி அப்படியே நின்றது. காரணம் பிறகுதான் தெரிந்தது: மூட்டு வலிக்கு யாரிடமும் சொல்லாமல் டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டிருந்தார். ஐபுபுரூஃபனும் இதே வகைதான். இவை உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், சிறுநீரகத்தையும் படுத்தும். அப்பாவின் மருந்துப் பெட்டியை இன்றே ஒருமுறை கொட்டிப் பாருங்கள்.

உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். அதற்காக 'சோடியம் குறைந்த உப்பு' வாங்கிவிடாதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும். இதயம் பலவீனமாகும் இந்த நோய்க்கான சில மாத்திரைகளே ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றுபவை. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம்.

இதயத் துடிப்பை நிதானப்படுத்தும் பீட்டா பிளாக்கர் மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்கள் அப்பா சோர்ந்து கிடக்கலாம். சொல்லுங்கள், அளவை மாற்றுவார்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, மயங்கினாலோ போனில் கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

எடை பார்க்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். அம்மா ஒரு கையால் சுவரைத் தாங்கிக்கொண்டுதான் நிற்பார். நோட்டில் பல நாள் எடை குறைவாகவே பதிவாகியிருந்தது.