பிரமாணம் எடுத்தவர்களும் படகேறியவர்களும்

அன்புள்ள ஐயா,

ஸ்வீடனுக்கும் ரஷ்யாவுக்கும் நடந்த பெரும் வடக்குப் போர் பற்றிய உங்கள் கட்டுரையில், 1713 முதல் 1721 வரை ஃபின்லாந்து ரஷ்யப் படையின் பிடியில் இருந்ததை ஒரே பத்தியில் கடந்துவிட்டீர்கள். அத்தனை ஆண்டுகளில் மக்கள் ஏன் பெரிதாகக் கிளர்ந்தெழவில்லை? ஜார் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்து, வரியும் கட்டி, ரஷ்ய நிர்வாகத்தோடு ஒத்துப்போன விவசாயிகளைத் துரோகிகள் என்று சொல்வதில் என்ன தவறு? காட்டிலிருந்து போரிட்ட கெரில்லாக்களும் அங்கே இருந்தார்கள் அல்லவா?

ரா., சேலம்

அன்புள்ள ரா.,

துரோகம் என்ற சொல்லை அந்த விவசாயிகள் தலையில் கட்டுவதற்கு முன், யார் யாரைக் கைவிட்டார்கள் என்று பார்த்துவிட வேண்டும்.

ஃபின்லாந்து அப்போது ஸ்வீடன் அரசின் கிழக்குப் பாதி. 1709-ல் பொல்தாவாவில் ரஷ்யாவிடம் தோற்ற ஸ்வீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ், ஒட்டோமான் எல்லைக்குள் தஞ்சம் புகுந்து அங்கேயே இருந்துவிட்டார். 1710-ல் கிழக்கு எல்லைக் கோட்டை நகரமான வீபோர்க் ரஷ்யர்களிடம் விழுந்தது. 1713 மே மாதம் ரஷ்ய ஜார் பீட்டரின் படகுப் படை ஹெல்சிங்கிக்கு வந்தபோது, நகரத்துக்குத் தீ வைத்தது ரஷ்யர்கள் அல்ல. பின்வாங்கிய ஸ்வீடன் படைதான். எதிரிக்கு எதுவும் மிஞ்சக்கூடாதாம். அங்கே வீடு வைத்திருந்தவர்களைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு கடல் தாண்டும் ஓட்டம். அதிகாரிகள், பிரபுக்கள், வசதியான வணிகர்கள், துர்க்கு பல்கலைக்கழகப் பேராசிரியர்கள், துர்க்கு பிஷப், பாதிரிகளில் பெரும்பாலோர் என்று எல்லோரும் ஸ்வீடனுக்குப் படகேறினார்கள். அரசு ஆவணங்களும் கூடவே போயின. இரு கரைகளுக்கும் இடையிலுள்ள ஓலண்ட் தீவுகள் ஏறக்குறைய முழுதாகக் காலியாயின. படகுக்கு வழியில்லாதவர்கள் மட்டும் மாட்டோடும் வயலோடும் நின்றார்கள். நீங்கள் கேட்கும் கிளர்ச்சியை யார் நடத்தியிருக்க முடியும்? போரிடக்கூடிய ஆண்களைப் பதின்மூன்று வருடப் போர் ஏற்கெனவே விழுங்கியிருந்தது. அதற்கும் முன்னால், 1695 முதல் 1697 வரையிலான பஞ்சத்தில் மக்களில் மூன்றில் ஒரு பங்கு செத்திருந்தது. இருந்தும் 1714 பிப்ரவரியில் இசோக்கிரோவுக்குப் பக்கத்தில் நாபுவே கிராமத்தில், ஸ்வீடன் தளபதி ஆர்ம்ஃபெல்ட் தலைமையில், சுற்றுவட்டார விவசாயிகளும் ஆயுதம் ஏந்திப் படையோடு நின்றார்கள். ரஷ்யத் தளபதி கோலித்சினின் படை அவர்களை நொறுக்கியது. கிளர்ந்தெழவில்லை என்கிறீர்களே, எழுந்தவர்கள் அந்தப் பனியில்தான் கிடந்தார்கள்.

நாபுவேக்குப் பிறகு வடமேற்குக் கரையில் நடந்ததை நான் ஒரே பத்தியில் கடந்தது சரியில்லை என்ற உங்கள் குறை நியாயமானது. வடக்கு வழியாக ஸ்வீடன் திரும்பி வராதபடி, ஆஸ்ட்ரோபோத்னியா என்ற அந்தக் கரைப் பகுதியை ஆளில்லாத பாழ்நிலமாக்கும் வேலை திட்டமிட்டே நடந்தது. ஔலுவுக்கு எதிரே கடலில் இருக்கும் ஹைலுவோத்தோ தீவுக்கு, பாதுகாப்பு என்று நம்பி, அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் போய்ச் சேர்ந்திருந்தார்கள். 1714 செப்டம்பர் 29 அன்று ரஷ்யப் படையின் கோசாக் வீரர்கள் அங்கே இறங்கினார்கள். ஒரே இரவில் சுமார் 800 பேர், பெரும்பாலும் கோடரியால், கொல்லப்பட்டார்கள். மற்ற ஊர்களில், ஒளித்து வைத்த வெள்ளியைக் காட்டச் சொல்லி மனிதர்களைத் தீயில் வாட்டினார்கள். பல ஆயிரம் பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள்; அதில் குழந்தைகள் ஏராளம். படை அதிகாரிகள் அவர்களைத் தங்கள் சொந்தப் பண்ணைகளுக்கு அடிமைகளாக அனுப்பினார்கள். இந்தக் கொடுமைகளின் முழு அளவை குஸ்தா வில்குனா போன்ற வரலாற்றாசிரியர்கள் விரிவாக ஆராய்ந்தது மிக அண்மையில்தான்.

தப்பியவர்கள் காட்டுக்குள் மரக்குடில் கட்டி ஒளிந்தார்கள். பகலில் அடுப்பு மூட்டினால் புகை காட்டிக் கொடுத்துவிடும். அதனால் இரவில்தான் சமைத்தார்கள் என்று வாய்மொழிக் கதைகள் சொல்கின்றன. கோடைத் தொடக்கத்தில் பைன் மரத்தின் மேல்பட்டையைச் செதுக்கி எறிந்துவிட்டு, உள்ளே வெளிறிய ஈரப்பட்டையை நீளநீளமாக உரித்தெடுப்பார்கள். அதைக் காயவைத்து, வாட்டி, இடித்து மாவாக்கி, கையிலிருக்கும் கொஞ்சம் ரை என்ற தானிய மாவோடு கலந்து ரொட்டி சுடுவார்கள். கசக்கும். பஞ்சகாலத்தில் பழகிய உணவு அது. இப்போது வயல் இருந்தும் விதைக்க முடியாததால் அதையே தின்றார்கள்.

இனி நீங்கள் சொல்லும் பிரமாணம். 1717-ல் துர்க்குவைத் தலைமையிடமாக வைத்து ஒரு சிவில் நிர்வாகம் அமைந்தது. அதன் தலைவராக ஜார் நியமித்தவர் குஸ்தாவ் ஓட்டோ டக்ளஸ். அவர் ரஷ்யர் அல்ல; பொல்தாவா போரில் சிறைப்பட்டு, ஜாரின் சேவைக்கு மாறிய ஸ்வீடன் பிரபு. மக்கள் பிரமாணம் எடுத்தார்கள். தானியமும் வைக்கோலும் அளந்தார்கள். பதிலுக்கு அவர்களுக்குக் கிடைத்தது, கண்டவனெல்லாம் கொள்ளையடிப்பதற்குப் பதிலாக இன்ன அளவு என்று எழுதி வைத்த வரி, மறுபடி கூடும் ஊர் நீதிமன்றம், வயலை உழுவதற்கான உறுதி. குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண் இதை வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டுமா? எனக்கு அப்படிக் கேட்கவே கூசுகிறது.

கெரில்லாக்களைப் பொறுத்தவரை, தபானி லோஃப்விங் போன்றவர்கள் அசாத்தியத் துணிச்சல்காரர்கள்தான். லோஃப்விங் நாட்குறிப்பே எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அவர்கள் தாக்கிவிட்டுக் காட்டுக்கோ கடலுக்கு அக்கரைக்கோ போய்விடுவார்கள். பழி வாங்க வரும் படைக்கு முன்னால் நிற்பது பக்கத்துக் கிராமம். கெரில்லாவுக்கும் சோறு போட்டது அதே கிராமம்தான், விரும்பிப் போட்டாலும் மிரட்டலுக்குப் போட்டாலும்.

1721-ல் போரை முடித்தது நிஸ்டாட் உடன்படிக்கை. வீபோர்க்கும் கரேலியாவின் ஒரு பகுதியும் ரஷ்யாவுக்குப் போக, மீதி ஃபின்லாந்து ஸ்வீடனுக்குத் திரும்பியது. படகேறிப் போனவர்கள் திரும்பி வந்து, பழைய பதவியில் அமர்ந்து, தங்கியிருந்தவர்களை விசாரித்தார்கள். அந்தக் காலத்தைப் பற்றி எழுதப் படிக்கத் தெரிந்து எழுதியவர்களும் பெரும்பாலும் அவர்களே. துரோகி என்ற பார்வை நமக்கு அங்கிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம். தங்கியவர்களின் பக்கம் வழக்குத் தாள்களில் கிடைக்கிறது: யாருடைய மாட்டை யார் ஓட்டிப் போனார், ஆளில்லாத பண்ணையை யார் உழுவது, ரஷ்யாவுக்குக் கொண்டுபோகப்பட்ட கணவன் உயிரோடு இருக்கிறானா தெரியாத நிலையில் மனைவி மறுமணம் செய்யலாமா என்று.

1742-ல் ரஷ்யப் படை மறுபடி வந்தது. ஸ்வீடன் படை ஹெல்சிங்கியில் சரணடைந்தது. அதிகாரிகள் பலர் மறுபடியும் படகேறினார்கள். விவசாயிகள் இந்த முறை பேரரசி எலிசபெத்துக்குப் பிரமாணம் எடுத்தார்கள்.

அன்புடன்