குதிரை ஏறத் தெரியாதவர் லெசோத்தோ போகலாமா?

கேள்வி: ஆப்பிரிக்காவின் தெற்கே உள்ள லெசோத்தோ நாட்டு மலைகளைக் குதிரையில் சுற்றிப் பார்க்க ஆசை. ஆனால் ஏறிப் பழக்கமே இல்லையே? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: தாராளமாகப் போகலாம். நான் போனபோது சைக்கிளைத் தவிர எதிலும் ஏறிப் பழகியதில்லை. அங்குள்ள பசோத்தோ இன மட்டக்குதிரைக்கு நம்மைவிட வழி நன்றாகத் தெரியும். செமோன்கொங் என்ற ஊர்ப் பக்கம் ஒரு கல்சரிவில் பயந்துபோய்க் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தேன். அது நின்றுவிட்டது. தலையை உதறியதே தவிர, நான் பிடியைத் தளர்த்தும்வரை ஓர் அடி நகரவில்லை. சரி என்று விட்டேன். ஒவ்வொரு குளம்பாக ஊன்றிப் பார்த்து, கல் உருளாமல் இறங்கியது.

மூன்று மணி நேரத்தில் முட்டி கழன்றுவிடும்போல வலித்தது. அப்புறம் பாதி தூரம் நடைதான்! 192 மீட்டர் உயர மலெட்சுன்யானே அருவிக்கும் நடந்தே போகலாம்.

நாட்டின் மிகத் தாழ்வான இடமே சுமார் 1,400 மீட்டர் உயரம். ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம், பனி கொட்டும், கம்பளி கட்டாயம். வழியில் வயதில் மூத்த ஆண்களைக் கண்டால் ‘ந்டாடே’ என்று அழையுங்கள். அவர்கள் மொழியில் அப்பா என்று பொருள்.